மேல் டிவிஷனுக்குப் பூஜ்யம்

ஒரு குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்குகிறவனுக்கு ஒரு வியாதி வரும். எது ஒழுங்காக நடந்துகொண்டிருந்தாலும் அதைத் திருத்தச் சொல்லிக் கை அரிக்கும். முதலில் சொந்த வீட்டைத் திருத்துவான். பிறகு லயத்தை, அதாவது எஸ்டேட் வரிசை வீடுகளை, திருத்துவான். விட்டால் மாதா கோயிலுக்கும் போய்விடுவான். போடியில் மூன்று வருடம் பி.ஏ. படித்தபோது எனக்கு இது தொற்றியது. (நான்கு வருடம். ஓர் அரியர் இருந்தது. அதை வெளியே சொல்ல அம்மா விடுவதில்லை.)

படித்து முடித்ததும் சின்னக்கானலில் ஒரு ரிசார்ட்டில் வரவேற்பு மேசை வேலை கிடைத்தது. என் வாழ்க்கையைக் கெடுத்த நாட்டை அங்கேதான் சந்தித்தேன்.

அந்த நாட்டிலிருந்து வயதான வெள்ளைக்காரர் ஒருவர் மனைவியோடு வந்து தங்கினார். ஒருநாள் காலைச் சாப்பாட்டுக்கு இறங்கியவர் இட்லியைத் தொடாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர். வீட்டில் யாருக்கோ என்னவோ என்று நான் பயந்துபோய்க் கேட்டேன். பாட்டுப் போட்டி என்றார். நாடுகளுக்கிடையே நடக்கும் போட்டியாம். ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு நாடும் ஒரு பாட்டு அனுப்பவேண்டும். அவருடைய நாடு அந்த வருடமும் கடைசி.

நாட்டின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஏற்கெனவே பட்டிருக்கிறார்கள்; என்னாலும் ஒன்று வேண்டாம். வரைபடத்தில் அவர் காட்டியபோது, அது சட்டினித் துளி என்று நினைத்துத் துடைக்கப் போனேன்.

அதற்குப் பிறகு மூன்று நாள் காலையிலும் அவர் எனக்கு அந்த நாட்டின் பாட்டு வரலாற்றைச் சொன்னார். போர் வரலாறு சொல்கிற முகத்தோடு சொன்னார். முதல் முறை போனபோது கடைசி இடம். மறுமுறை கடைசிக்கு முந்திய இடம், தேசமே கொண்டாடியது. அதற்கடுத்து, வந்திருந்த அத்தனை நாடும் சேர்ந்து ஒரு மதிப்பெண்கூடத் தராமல் பூஜ்யத்தோடு அனுப்பின. பாடியவர் ஊர் திரும்பி, சங்கீதத்தை விட்டுவிட்டுப் பல் மருத்துவம் படிக்கப் போய்விட்டாராம். பிறகு சில வருடம் போட்டிக்கே போகவில்லை. "காசு இல்லை என்று அறிவித்தார்கள். வெட்கம்தான் காரணம்" என்றார் பெரியவர். மறுபடி போனபோது, பெரிய நாட்டு மொழியில் பாடினால் எடுபடும் என்று பாடிப் பார்த்தார்கள். பக்கத்து நாட்டுப் பாடகியை வரவழைத்தும் பார்த்தார்கள். எதுவும் நடக்கவில்லை. கடைசியில் ஒருவர் தங்கள் மொழியிலேயே, தங்கள் ஊர்த் துக்கத்தையே பாடினார். மூன்றாம் இடம். இன்றைக்கும் அங்கே ஒரு ரவுண்டானாவுக்கு அவர் பெயர்தான். அந்த நாட்டில் மொத்தமே நாலைந்து ரவுண்டானாதான் இருக்குமாம்.

போட்டியின் முறையையும் விளக்கினார். நடுவர் என்று ஒருவர் கிடையாது. ஒவ்வொரு நாடும் மற்ற நாடுகளுக்கு மதிப்பெண் கொடுக்கும். தனக்குத் தானே கொடுத்துக்கொள்ளக் கூடாது. நல்லதுக்குப் பன்னிரண்டு, அடுத்ததுக்குப் பத்து, அதற்கடுத்ததுக்கு எட்டு என்று இறங்கும். எல்லாவற்றையும் மேடையில், எல்லார் காதிலும் விழும்படி அறிவிப்பார்கள்.

"ஆனால் அக்கம்பக்கத்து நாடுகள் ஒன்றுக்கொன்று கொடுத்துக்கொள்ளும்" என்றார் கடைசியில், பெருமூச்சோடு.

அந்தப் பெருமூச்சை நான் கவனித்திருக்க வேண்டும். நானோ, அக்கம்பக்கத்தாரிடம் இவ்வளவு அன்பா என்று நெகிழ்ந்துபோனேன்.

எங்கள் மாதா கோயில் பங்கிலும் ஒரு பாட்டுப் போட்டி உண்டு. சூரியநெல்லிப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டின் ஆறு டிவிஷன்களும் டிசம்பரில் ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் ஹாலில் கிறிஸ்துமஸ் கேரல் பாடும். டவுனிலிருந்து ஒரு மலையாளி சங்கீத சார் வருவார். முதல் மூன்று டிவிஷன்களின் பெயரை மைக்கில் சொல்வார். மற்ற மூன்றும் பிஸ்கட் தின்று, பால் ஊற்றாத கட்டன்சாயா குடித்துவிட்டு, ஆனை இறங்குவதற்குள் வீடு போய்ச் சேரும்.

எங்களுடையது மேல் டிவிஷன். இருப்பதிலேயே சின்னது, இரண்டு லயம், பாதி வீடு பூட்டு. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து எங்களுக்கு ஆறாவது இடம்தான். அதையும் யாரும் மைக்கில் சொன்னதில்லை, நாங்களாகத் தெரிந்துகொள்வோம். மலையாளத்தில் பாடினால் சாருக்குப் பிடிக்கும் என்று ஒரு வருடம் மலையாளத்தில் பாடினோம். சார் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். பக்தி என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

எங்கள் குழுவுக்குத் தலைவர் என் அப்பா அந்தோணிச்சாமி. முப்பது வருடமாக மருந்தடிக்கிற வேலை, அதனால் நெஞ்சில் எப்போதும் ஒரு விசில். ஆனால் குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கும். டிரம் அடிப்பது முருகேசன் அண்ணன், மாரியம்மன் கோயில் பூசாரியின் மகன். (கேரல் என்று வந்துவிட்டால் எங்கள் லயத்தில் மதம் கிடையாது. ஆளும் கிடையாது என்பது உண்மையான காரணம்.) தாளத்துக்கு செபஸ்தி. முப்பத்து நான்கு வயது, கல்யாணமாகவில்லை.

எங்கள் டிவிஷனில் எந்தப் பையனுக்கும் கல்யாணமாகவில்லை. பாதி மலை வரைக்கும்தான் ஜீப் வரும், மீதி நடை. ஆனை வந்து ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்றுவிட்டுப் போனதிலிருந்து, மேல் டிவிஷனுக்குப் பெண் கொடுக்க ஒரு தகப்பனும் முன்வருவதில்லை. எங்கள் பெண்கள் மட்டும் கீழே இறங்கி, மற்ற ஐந்து டிவிஷனுக்கும் வாழ்க்கைப்பட்டுப் போனார்கள். என் அக்கா அமலா ஃபேக்டரி டிவிஷனுக்குப் போனாள். நான் படிக்கவேண்டும் என்று ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் அவள்.

நான் சொல்லும் அந்த வருடத்து டிசம்பரோடு அப்பாவுக்கு ஓய்வு. டிவிஷனுக்கும் அதோடு ஓய்வு. கொழுந்து கட்டுப்படியாகவில்லை என்று கம்பெனி மேல் டிவிஷனை மூடிவிடத் தீர்மானித்திருந்தது. ஜனவரியிலிருந்து லயம் காலி, பெயரும் காலி.

அப்பா அதைப் பற்றிப் பேசமாட்டார். ஒரே ஒரு நாள், பூட்ஸைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "ஏலே, ஒரு தடவ நம்ம டிவிஷன் பேர மைக்குல சொல்லிக் கேட்டுட்டுப் போயிரணும்லே. மூணாவதா வந்தாப் போதும். மேல் டிவிஷன்னு ஒரு ஆளு சொல்லணும், அம்புட்டுதான்."

உடனே என் கை அரித்தது.

பங்குத் தந்தை மலையாளி, நல்ல மனிதர், புதுமை என்றால் உயிர். கோயில் கமிட்டியில் நான் எழுந்து நின்று அரைமணி நேரம் பேசினேன். அந்தச் சின்ன நாட்டின் வரலாறு முழுவதையும், பல் மருத்துவர் உட்பட, சொன்னேன். ஒரு சங்கீத சார் தீர்மானிப்பது சர்வாதிகாரம் என்றேன். ஒவ்வொரு டிவிஷனும் மற்ற டிவிஷன்களில் மூன்றுக்குப் பன்னிரண்டு, பத்து, எட்டு என்று கொடுக்கட்டும். மற்ற இரண்டுக்கும் ஒன்றுமில்லை. பாடாத ஒரு பெண்தான் டிவிஷனுக்கு நடுவர். (ஆண்கள் என்றால் பூசைக்கும் போட்டிக்கும் நடுவில் எங்கேயோ போய்விட்டு வருவார்கள்.)

"அது எந்தா பன்னிரண்டு, பத்து, எட்டு? மூணு, ரெண்டு, ஒண்ணு போரே, போதாதா?" என்றார் ஃபாதர்.

இதற்குத் தயாராகத்தான் வந்திருந்தேன். "பன்னிரண்டு சீடர்கள், பத்துக் கட்டளைகள், மலைப்பொழிவின் எட்டுப் பேறுகள் ஃபாதர்."

ஃபாதர் கண்ணை மூடித் திறந்தார். "கொள்ளாம். பிரமாதம்" என்றார். அடுத்த ஞாயிறு பிரசங்கத்திலேயே அதைச் சேர்த்துவிட்டார்.

கமிட்டியில் ஒருவர்கூட எதிர்க்கவில்லை. முதலில் ஆமோதித்தது அக்காவின் மாமியார் ரோணிக்கம்மாள். "தம்பி படிச்ச பிள்ளல்லா, நியாயமாத்தான் சொல்லுதான்" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த அம்மாள் பேசிக்கொண்டே விரல் விட்டு எதையோ எண்ணியதை நான் ஜெபமாலை என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து நானும் அம்மாவும் எண்ணினோம். ஐந்து டிவிஷனிலும் எங்கள் பெண்கள். ஐந்திலும் சம்பந்திகள். ஃபேக்டரி டிவிஷனின் நடுவரே அக்கா என்று சேதி வந்தது. "மூணாவதா? முதல் இடமே வந்துரும்மா" என்றேன். அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். நானும் போட்டேன். நியாயத்துக்காகக் கொண்டுவந்த திட்டம், உறவுக்காரர்களால் ஜெயிக்கப்போகிறது என்பதில் எனக்கு அப்போது எந்த உறுத்தலும் இல்லை.

இனிமேல் கடன்வாங்கிய பாட்டு கிடையாது, சொந்தப் பாட்டுதான் என்று நான் பிடிவாதம் பிடித்ததால், அப்பா தானே ஒன்று கட்டினார். மருந்தடிக்கும்போதே முனகி முனகிச் செய்தது:

ஆறாம் நம்பர் லயத்துக்குள்ள அழுகைச் சத்தம் கேக்குது,
ஆண்டவரே, உங்களுக்குமா ஒத்த ரூமு கெடச்சது?

போட்டி நாளில் நான் தேவையில்லாத ஏற்பாடுகள் எல்லாம் செய்திருந்தேன். அந்த நாட்டுப் போட்டியில் ஒவ்வொரு தலைநகரத்திலிருந்தும் ஓர் ஆள் தோன்றி மதிப்பெண் சொல்வார். ஆகவே ஹாலின் மூலைக்கு ஒரு நடுவரை நிறுத்தினேன். ஹாலுக்கு நான்கு மூலைதான் என்பது நிறுத்தும்போதுதான் தெரிந்தது. இருவரை வாசல்களில் நிறுத்தினோம். எங்கள் டிவிஷன் நடுவராகப் பக்கவாசலில் நின்ற அம்மா பனியில் வெடவெடத்துக்கொண்டிருந்தாள். மைக் வயர் நீளாததால், தலைநகரங்கள் ஒவ்வொன்றாக மேடைக்கு நடந்து வரவேண்டியதாயிற்று. மேடையில் கரும்பலகை, ஆறு டிவிஷன் பெயர், என் கையில் சாக்பீஸ். நான்தான் அறிவிப்பாளன். ரிசார்ட்டிலிருந்து ஒரு டை வேறு கேட்டு வாங்கி வந்திருந்தேன்.

எல்லாரும் பாடினார்கள். கடைசியாக எங்கள் ஆட்கள் ஏறினார்கள். மொத்தம் எட்டுப் பேர்.

இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்த ஹாலில் அதற்கு முன்பும் பின்பும் அப்படி ஒரு பாட்டை நான் கேட்டதில்லை. "ஒத்த ரூமு கெடச்சது" என்று அப்பா இரண்டாம் முறை இறங்கியபோது முருகேசன் அண்ணன் டிரம்மை நிறுத்திவிட்டார். அப்பாவின் நெஞ்சு விசில்கூடச் சுருதியோடு சேர்ந்துகொண்டது. முன்வரிசையில் பெண்கள் முந்தானையை எடுத்தார்கள். ரோணிக்கம்மாள் அழுதார். பங்களா டிவிஷன் நடுவருக்குத் தேம்பல் அடங்கவில்லை. ஃபாதர் கண்ணாடியைக் கழற்றினார்.

நான் டையைச் சரிசெய்துகொண்டு மைக்கைப் பிடித்தேன். "வணக்கம் பங்களா டிவிஷன். உங்கள் மதிப்பெண்களைச் சொல்லுங்கள்."

பங்களா டிவிஷன் தேம்பிக்கொண்டே வந்தது. மூக்கைச் சிந்தியது. கீழ் டிவிஷனுக்குப் பன்னிரண்டு, புது டிவிஷனுக்குப் பத்து, ஆற்று டிவிஷனுக்கு எட்டு என்று சொல்லிவிட்டுத் தேம்பிக்கொண்டே போனது.

சரி, ஒன்று தவறிவிட்டது என்று நினைத்தேன். அடுத்து கீழ் டிவிஷன். எங்களுக்கு இல்லை. ஆற்று டிவிஷன். இல்லை. புது டிவிஷன் நடுவர் எங்கள் லயத்திலேயே பிறந்து வளர்ந்த பெண். மேடையேறும்போது அப்பாவைப் பார்த்து, "மாமா, நெஞ்சே வெடிச்சுட்டு" என்றாள். பிறகு மைக்கில், பங்களாவுக்குப் பன்னிரண்டு என்றாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கத் தொடங்கியது. எண்ணும்போது ஒன்றை மட்டும் எண்ணாமல் விட்டிருக்கிறேன், எது எந்தப் பக்கம் போகும் என்பதை. பெண் கொடுத்தவன் வீட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும். சீர் போகும், பலகாரம் போகும், கிறிஸ்துமஸுக்குத் துணி போகும், கோபம் வந்தால் மன்னிப்பும் போகும். திரும்பி வருவது என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு டிவிஷனும் தான் பெண் கொடுத்த டிவிஷனுக்கு மதிப்பெண் கொடுத்துக்கொண்டிருந்தது. எங்களுக்கோ ஒருவரும் பெண் கொடுத்ததில்லை. ஐந்து டிவிஷனும் எங்களுக்கு மாப்பிள்ளை வீடு. மாப்பிள்ளை வீட்டார் எதற்காகப் பெண் வீட்டுக்குக் கொடுக்கவேண்டும்?

கமிட்டியில் எல்லாருக்கும் இது தெரிந்திருந்தது. அவர்கள் யாரும் பி.ஏ. படிக்கவில்லை.

பக்கவாசலிலிருந்து அம்மா வந்தாள். எங்கள் டிவிஷனின் மதிப்பெண்கள். மகள் வாழ்கிற இடமாயிற்றே. "ஃபேக்டரி டிவிஷனுக்குப் பன்னெண்டு" என்றாள், மெதுவாக. அதோடு ஃபேக்டரி முதலிடத்துக்குப் போய்விட்டது. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அவர்களை ஜெயிக்க வைத்த புண்ணியம் எங்களுக்கு.

மிச்சம் அக்கா மட்டும். கரும்பலகையில் ஐந்து வரிசை நிறைந்திருந்தது. எங்கள் வரிசையில் கையைத் துடைத்த சாக்பீஸ் தூள் மட்டும் இருந்தது.

அக்கா மேடைக்கு வந்தாள். ரோணிக்கம்மாளும் எழுந்து, நடக்க முடியாத மாதிரி அக்காவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, கூடவே வந்தார். (அந்த அம்மாள் தினமும் மலையில் கொழுந்து எடுக்கிறவர்.) அப்பா ஹாலின் நடுவில், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எட்டு கொடுத்தால் போதும். ஐந்தாவது இடமோ ஆறாவது இடமோ, அது முக்கியமில்லை. அந்தப் பெயரை ஓர் ஆள் மைக்கில் சொன்னால் போதும்.

"வணக்கம் ஃபேக்டரி டிவிஷன்" என்றேன்.

அக்கா மைக்கை வாங்கினாள். அப்பாவைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. கரும்பலகையைப் பார்த்தாள்.

"பங்களா டிவிஷனுக்குப் பன்னெண்டு" என்றாள். அவள் நாத்தனார் வாழ்கிற இடம். "ஆத்து டிவிஷனுக்குப் பத்து." அது சின்ன நாத்தனார் ஊர். பிறகு நின்றாள். மாமியாரின் கை அவள் முழங்கையிலேயே இருந்தது. "கீழ் டிவிஷனுக்கு எட்டு."

முதலில் கைதட்டியது அப்பாதான்.

அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. மொத்த மதிப்பெண்ணையும் எல்லார் காதிலும் விழும்படி அறிவிக்கவேண்டும் என்று விதி. விதியைக் கொண்டுவந்தவன் நான். ஃபாதர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் முதலிடத்திலிருந்து வாசித்துக்கொண்டே வந்தேன். கடைசிப் பெயருக்கு வந்தபோது நிறுத்திவிடலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் படித்தவன் விதியை மீறக்கூடாது அல்லவா?

"மேல் டிவிஷன்," என்றேன். ஹால் முழுக்க எதிரொலித்தது. நல்ல மைக். "பூஜ்யம்."

இப்படித்தான் என் அப்பாவின் ஆசை நிறைவேறியது.

வெளியே பனி இறங்கிவிட்டது. கீழ்ச் சோலையில் ஆனை நிற்பதாக யாரோ சொல்ல, எல்லாரும் பிஸ்கட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஜீப்புக்கு ஓடினார்கள். ஃபாதர் என் தோளைத் தட்டி, "போட்டே, அடுத்த கொல்லம் நோக்காம்" என்றார், போகட்டும், அடுத்த வருடம் பார்க்கலாம் என்று. அடுத்த வருடம் மேல் டிவிஷன் என்று ஒன்று இருக்காது என்பது அந்த நேரத்தில் அவருக்கு நினைவில்லை. நினைவு வந்ததும் முகம் மாறி, எனக்கு இன்னொரு பிஸ்கட் கொடுத்தார்.

ஜீப் நின்ற இடத்திலிருந்து, பாடிய எட்டுப் பேரும் அம்மாவும் நானும் நடந்து ஏறினோம். பாதி வழியில் செபஸ்தி, "ஏலே, பன்னெண்டுக்குச் சீடரு, பத்துக்குக் கட்டளை. பூஜ்யத்துக்கு பைபிள்ல ஒண்ணும் இல்லியா?" என்றான்.

"இருக்கே," என்றார் அப்பா, மூச்சு வாங்க நின்று. "காலிக் கல்லறை."

அவர்கள் சிரித்தார்கள். முருகேசன் அண்ணன் டிரம்மை இறக்கிவைத்துவிட்டுச் சிரித்தார். அப்பாவுக்குச் சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க வெகுநேரமாயிற்று. நான் டையைக் கழற்றி அவர் கழுத்தைச் சுற்றிக் கட்டினேன். குளிருக்கு அது எதற்கும் உதவாது.

ரிசார்ட்டிலிருந்து அந்தப் பெரியவருக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். ஒரு வரியில் பதில் வந்தது: "எங்கள் சங்கத்துக்கு நல்வரவு. பற்களைக் கவனித்துக்கொள்ளுங்கள்."

லயம் ஜனவரியில் பூட்டப்பட்டது. இப்போது சூரியநெல்லியில் வாடகைக்கு இரண்டு அறை. முன்பைவிட ஓர் அறை கூடுதல். போட்டியில் பழையபடி சங்கீத சார் வருகிறார். எனக்குப் பெண் பார்க்கப் போகிற இடமெல்லாம், "எது, அந்தப் பூஜ்யம் கொண்டுவந்த பயலா?" என்று கேட்கிறார்கள். இதுவரை எந்த டிவிஷனும் கொடுக்கவில்லை.

அக்கா அன்றைக்கு ஏன் அப்படிச் செய்தாள் என்று நான் ஒரே ஒருமுறை கேட்டேன். அவள் பிள்ளைக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். "நீ மேடையிலேர்ந்து எறங்கி வீட்டுக்குப் போயிட்ட தம்பி. நான் மேடையிலேர்ந்து எறங்கி அவுக வீட்டுக்குப் போனேன்" என்றாள்.

மாதத்தில் ஒரு ஞாயிறு அவள் வருவாள். வாசலிலேயே அப்பா, "ஜட்ஜம்மா வந்துட்டாக, எல்லாரும் எந்திரிங்க" என்பார். அவள் நேரே அடுப்படிக்குப் போய்க் கறிக்குழம்பு வைத்து, அப்பாவுக்கு முதலில் பரிமாறுவாள். கரண்டியை மைக் மாதிரி வாய்க்கு நேராகப் பிடித்து, "மேல் டிவிஷனுக்குப் பன்னெண்டு" என்பாள்.

அப்பா தட்டிலிருந்து தலையை எடுக்காமல், "அது எங்கிட்டு இருக்குற ஊரு? நான் கேள்விப்பட்டதே இல்லியே" என்பார்.

நாங்கள் சிரிப்போம். அக்கா சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி ஊற்றுவாள். அவர் போதும் என்று சொல்கிறவரைக்கும் ஊற்றுவாள். அவர் சொல்லமாட்டார்.